புகையான் பூச்சிக்குப் பிறகு பாட்டு: சென்னைத் தொலைக்காட்சியின் ஆரம்பகால மாலைகள்

புகையான் என்பது நெற்பயிரின் தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பழுப்பு நிறப் பூச்சி. அது விழுந்த வயல், நெருப்பு பட்டது மாதிரி வட்டம் வட்டமாகத் தீய்ந்து காயும். திருவல்லிக்கேணியில் பிறந்து, பத்து வயது வரை ஒரு வயலின் வரப்பில்கூட நின்றிராத எனக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்குமே தெரியும். வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்கள் கற்றுக்கொடுத்தது.

எங்கள் ஸ்டோரில், அதாவது பல குடும்பங்கள் சேர்ந்து குடியிருந்த ஒரே கட்டடத்தில், எட்டுக் குடித்தனம். டிவி இருந்தது மாடிப் போர்ஷன் மாமி வீட்டில் மட்டும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம் தாண்டியதும் கீழே முற்றத்திலிருந்து யாராவது குரல் கொடுப்போம்: "மாமி, பாட்டு போட்டாச்சா?" மேலிருந்து பதில் வரும்: "இன்னும் வயலும் வாழ்வும்தான்டா ஓடறது, மெதுவா வாங்கோ." மெதுவாகப் போனால் கதவோரத்தில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். அதனால் வயலும் வாழ்வும் ஓடும்போதே போய்ச் சிமெண்டுத் தரையில் முன்வரிசை பிடித்துவிடுவோம். வேளாண் அதிகாரி ஒருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எதிரே துண்டு போட்ட விவசாயியிடம் பூச்சி மருந்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருப்பார். நாங்களும் பொறுமையாகக் கேட்போம். அது முடிந்தால்தான் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ஒளியும் ஒலியும்.

இந்த நினைவைப் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்லுகிறோம். மாட மாளிகையும் மாம்பலமும் கொண்ட நகரத்துக்கு நெல் சாகுபடி காட்டினார்களே என்று. எனக்கு அதில் சிரிக்கத் தோன்றவில்லை. அந்த வரிசைக்கு ஒரு வரலாறு உண்டு, தெளிவான காரணங்களும் உண்டு. அன்றைய மாலை எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்தால், இந்தியாவில் தொலைக்காட்சி எதற்காக வந்தது என்பதே புரிந்துவிடும்.

தொடக்கம் டெல்லி. 1959 செப்டம்பர் 15 அன்று அகில இந்திய வானொலியின் ஒரு பரிசோதனையாக ஒளிபரப்பு ஆரம்பித்தது. வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். வீட்டில் டிவி வைத்திருப்பவர் என்று யாரும் இல்லாத காலம். ஆகவே அக்கம்பக்கத்தார் கூடிப் பார்க்க 'டெலி கிளப்' என்று அமைத்துப் பொதுப் பெட்டிகளை வைத்தார்கள். உடல்நலம், சாலை விதி, குடிமைக் கடமை என்று பாடம் நடத்துவதுதான் நோக்கம். 1961இல் பள்ளிப் பாடங்கள் சேர்ந்தன. அன்றாட ஒளிபரப்பு என்று ஒன்று வந்ததே 1965 ஆகஸ்ட் 15இல்தான். 1967 ஜனவரி 26 அன்று 'கிருஷி தர்ஷன்' தொடங்கியது. டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் பொதுப் பெட்டிகளை நிறுவி, அவற்றுக்காகவே தயாரித்த விவசாய நிகழ்ச்சி அது. விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் இதில் காட்டிய அக்கறை பெரியது. தொலைக்காட்சி ஏழை நாட்டுக்கு ஆடம்பரம் என்று பலரும் சொன்னபோது, ஆசிரியரும் வேளாண் அலுவலரும் போய்ச்சேராத இடத்துக்குப் போகும் கருவி இது என்று வாதாடியவர் அவர்.

ஆக, வயலும் வாழ்வும் என்ற நிகழ்ச்சி சென்னையில் முளைத்ததல்ல. டெல்லியில் அமைந்த முன்மாதிரியும், வானொலியில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த பண்ணைச் செய்தி மரபும் சேர்ந்து வந்த வழி அது. இங்கே ஒரு விஷயம் மாறிப்போயிற்று. டெல்லியில் கிராமத்துக்குப் பெட்டி போனது. சென்னையில் பெட்டி வாங்கியவர்கள் நகரத்துச் சம்பளக்காரர்களும் வியாபாரிகளும். கடமை அப்படியே இருந்தது, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வேறு ஆட்கள்.

பம்பாய்க்கு 1972 அக்டோபர் 2இல் தொலைக்காட்சி வந்தது. கல்கத்தாவுக்கு 1975 ஆகஸ்ட் 9இல். ஆறே நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று சென்னைக்கு. அந்தத் தேதிகளைச் சுற்றி என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தமிழகத்தில் கருணாநிதி முதல்வர். அடுத்த ஜனவரி முடிவில் அவருடைய ஆட்சி கலைக்கப்பட இருந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அப்படிப்பட்ட நாளில் ஒரு நகரத்தின் வரவேற்பறைக்குள் டெல்லி அரசின் திரை வந்து உட்கார்ந்தது. செய்தி எந்தத் தொனியில் இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொனி நெருக்கடி நிலை போன பிறகும் வெகுகாலம் போகவில்லை என்பதுதான் என் வருத்தம். அமைச்சர் அடிக்கல் நாட்டியது, ஆளுநர் பரிசு வழங்கியது, கடைசியில் வானிலை. 1978இல் வர்கீஸ் குழு ஒலிபரப்புக்குத் தன்னாட்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது; அது காகிதத்திலேயே தங்கிவிட்டது.

இன்னொரு தற்செயலும் உண்டு. சென்னைக்கு இரண்டு வாரம் முன்னால், ஆகஸ்ட் 1 அன்று, சைட் என்ற துணைக்கோள் பரிசோதனை தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 துணைக்கோளை ஓராண்டு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக ஒளிபரப்பினார்கள். காலையில் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம், மாலையில் பெரியவர்களுக்கு இரண்டரை மணி நேரம். ஆந்திரமும் கர்நாடகமும் அந்தப் பட்டியலில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. நமக்கு முதலில் கிடைத்தது நகரத் தொலைக்காட்சி. சாராபாயின் கிராமக் கனவு நம்மிடம் வந்தபோது, மாலையில் அரை மணி நேர நிகழ்ச்சியாகச் சுருங்கித்தான் வந்தது.

ஏன் மாலை மட்டும்? இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் இதை நம்புவதே இல்லை. டிவி என்றால் எப்போது போட்டாலும் ஓடும் பொருள் அவர்களுக்கு. அன்று சாயங்காலம் ஆறு, ஆறரைக்குத்தான் ஆரம்பிக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். மற்ற நேரத்தில் பெட்டியைப் போட்டால் உப்பு மிளகு தூவிய மாதிரி புள்ளிகள் கொதிக்கும், 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வரும். எங்கள் மாமி ஒளிபரப்பு தொடங்குவதற்குக் கால் மணி முன்பே போட்டுவிடுவார். வால்வு சூடேற நேரமாகும் என்று ஒரு காரணம் சொல்வார். உண்மையில் நிலையான கோடுகளும் வட்டங்களும் கொண்ட அந்தச் சோதனைப் படம் வந்துவிட்டதா என்று பார்க்கும் ஆசைதான்.

உலகத்தில் எல்லா ஊரிலும் தொலைக்காட்சி இப்படித்தான் சிக்கனமாகத் தொடங்கியது. லண்டனில் பிபிசி 1936 நவம்பர் 2 அன்று ஆரம்பித்தபோது மதியம் ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம். 1957 வரை அங்கே மாலை 6 முதல் 7 வரை திரையைக் காலியாக விட்டார்கள், குழந்தைகளைத் தூங்கப்போட வேண்டும் என்று. சென்னையில் அப்படி யாரும் பிள்ளைகளைப் பற்றி யோசித்து நேரம் வகுக்கவில்லை. கருவி, கையிருப்பு, ஆள்பலம் மூன்றும் அனுமதித்தது அவ்வளவுதான்.

ஒரு அரை மணி நேர நிகழ்ச்சிக்கு ஸ்டூடியோவில் என்னென்ன வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். அன்றைய கேமராக்கள் குழாய் வகை. வெளிச்சம் கொட்டினால்தான் படம் எடுக்கும். அந்த விளக்குகளின் சூட்டில் கர்நாடக சங்கீதம் பாட வந்தவர் முதல் உருப்படி முடிவதற்குள் நனைந்துவிடுவார். இரண்டு மூன்று கேமராக்கள் வெவ்வேறு கோணத்தில் நிற்கும். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் 'ஒன்று, இரண்டு' என்று சொல்லச் சொல்ல, அந்தக் கணத்திலேயே படம் மாறும். எடுத்த பிறகு வெட்டி ஒட்டும் வசதி மிகக் குறைவு. வீடியோ டேப் வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பாகி முடிந்ததும் அதே டேப்பை அழித்து அடுத்ததைப் பதிவார்கள். வெளியே போய்ப் படம் பிடிக்க வேண்டுமானால் 16 மில்லிமீட்டர் ஃபிலிம். அதைக் கழுவி எடுக்க நேரம். டெல்லியிலோ பம்பாயிலோ நடந்த ஒன்றின் படத்தை, துணைக்கோள் இணைப்பு வருவதற்கு முன்னால், விமானத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் தினம் இரண்டரை மணி நேரத்தை நிரப்புவதே பெரிய வேலை.

நிரப்பியவர்கள் யார்? பெரும்பகுதி வானொலிக்காரர்கள். 1976 ஏப்ரல் 1 அன்றுதான் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது. ரவிசங்கர் அமைத்த அந்த முகப்பு இசையும், சுழன்று வந்து கண் போலக் கூடும் சின்னமும் அந்த நாளிலிருந்து. ஆனால் நிர்வாகம் பிரிந்தாலும் பழக்கம் பிரியவில்லை. நிலைய இயக்குநர், நிகழ்ச்சி நிர்வாகி, அறிவிப்பாளர் எல்லாம் வானொலிப் பதவிகள். உழவருக்குக் கொஞ்சம், மகளிருக்குக் கொஞ்சம், சிறுவர்க்குக் கொஞ்சம், இசை கேட்பவர்க்குக் கொஞ்சம் என்று நேரத்தைப் படியளக்கும் முறையும் வானொலியின் முறைதான். ஊரில் ஒரே நிலையம் இருக்கும்போது அது எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருக்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. அந்த நியாயத்தை இன்றும் நான் மதிக்கிறேன்.

அப்படிப் படியளந்ததில் ஒரு வினோதமான நன்மை விளைந்தது. மாற்றிப் பார்க்க வேறு சேனல் இல்லை. பாட்டுக்காக வந்தவர் பூச்சி மருந்தைக் கேட்டார். நாடகத்துக்காக வந்த பாட்டி செய்தியைக் கேட்டார். செய்திக்காக உட்கார்ந்த பெரியவர் கண்மணிப் பூங்காவில் பிள்ளைகள் பாடுவதைப் பார்த்தார். ஒரு வீட்டுக்குள் பதினைந்து பேர் ஒரே திசையில் முகம் வைத்து, தங்களுக்கானது அல்லாத ஒன்றை முழுவதுமாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பொறுமை கட்டாயத்தால் வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனக்குச் சம்பந்தமில்லாத ஆட்களின் கவலையைக் காதில் வாங்கிய பழக்கம், அது எப்படி வந்திருந்தாலும், வீண்போகவில்லை என்றே நினைக்கிறேன்.

செய்தி வாசிப்பவர்கள் கையில் தாளை வைத்துக்கொண்டு, ஒரு வாக்கியம் படித்து, தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்து, மறுபடி குனிவார்கள். ஷோபனா ரவியும் வரதராஜனும் வீட்டு மனிதர்கள் போல ஆனார்கள். ஷோபனா ரவி உடுத்தும் புடவையை அடுத்த நாள் ஸ்டோர் முழுக்கப் பேசுவார்கள் என்பது உண்மைதான். அதைவிட முக்கியம் அவருடைய உச்சரிப்பு. 'ழ'வும் 'ள'வும் 'ல'வும் தனித்தனியாக, அழுத்தாமல், இயல்பாக விழும். தமிழாசிரியர் பிரம்பால் சாதிக்காததை அவர் சாயங்காலம் பத்து நிமிடத்தில் சாதித்தார். மேடைத் தமிழும் சினிமாத் தமிழும் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த நகரத்துக்கு, சத்தம் போடாத, அழகான, அன்றாடப் பொதுத்தமிழ் ஒன்று இருக்கிறது என்று காட்டியதில் அந்தச் செய்தி வாசிப்பாளர்களின் பங்கு பெரியது.

செவ்வாய்க்கிழமை நாடகம். சென்னை அப்போது சபா நாடகங்களின் ஊர். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் மாம்பலத்திலும் சபாக்கள், அலுவலகம் முடிந்து வந்து ஒத்திகை பார்க்கும் அமெச்சூர் குழுக்கள், சனி ஞாயிறு மாலைக் காட்சிகள். தொலைக்காட்சிக்கு நாடகம் வேண்டும் என்றபோது எழுத்தும் நடிகரும் தயாராக இருந்தார்கள். இரண்டரை மணி நேர மேடை நாடகத்தை ஒரு மணி நேரத்துக்குள் நறுக்க வேண்டியதுதான் பாக்கி. மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்திப் பழகியவர்கள், முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும் கேமராவுக்கும் அப்படியே கத்தினார்கள். சோபா, பின்னால் ஒரு ஜன்னல் திரை, மூலையில் தொலைபேசி. எல்லா நாடகத்திலும் இதே வீடு. ஆனாலும் அதில் நடுத்தர வர்க்கம் தன் வீட்டைப் பார்த்தது. மாமியார் மருமகள், வரன் பார்ப்பது, ஓய்வுபெற்ற அப்பா, வேலைக்குப் போகும் பெண். சினிமா தொடாத அளவுக்குச் சின்னச் சின்ன விஷயங்கள். இன்றைய நெடுந்தொடர்களுக்கு அந்த ஒரு மணி நேர நாடகங்கள்தான் தாய்வீடு. நீளம் மட்டும் பிறகு கட்டுக்கடங்காமல் போயிற்று.

சபாக்களுக்கு இது நல்லதாக முடியவில்லை. நடிகர்கள் முகம் தெரிந்தவர்கள் ஆனார்கள்; சில ஆண்டுகள் அதனால் கூட்டமும் வந்தது. ஆனால் நாடகத்தை வீட்டிலேயே, டிக்கெட் இல்லாமல், பனியன் போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று தெரிந்துவிட்ட பிறகு, பஸ் பிடித்து சபாவுக்குப் போகும் கால்கள் மெல்லச் சோர்ந்தன. 80களின் முடிவில் சபா நாடகத்துக்கு என்ன நேர்ந்தது என்று எழுதுபவர்கள் சினிமாவையும் விலைவாசியையும் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சினிமா வேறு கதை. கோடம்பாக்கம் பக்கத்திலேயே இருந்தும் படம் சுலபமாகக் கிடைக்கவில்லை. தியேட்டரில் ஓடும் படத்தைச் சும்மா காட்ட எந்தத் தயாரிப்பாளர் சம்மதிப்பார்? ஞாயிறு மாலை வந்தவை பெரும்பாலும் பழைய படங்கள். அதனால்தான் 70களின் முடிவில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு எங்கள் அப்பா அம்மா காலத்து நடிகர்கள் எல்லோரும் அத்துப்படி. நடுவில் படத்தை நிறுத்திச் செய்தி போடுவார்கள். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது அப்படியே விட்டுவிட்டுப் போவதால், செய்தி நேரம் முழுவதும் வீட்டில் கதையை ஊகிக்கும் வாதம் நடக்கும். சமையல் முடிக்க, துணி மடிக்க, பிள்ளைக்குச் சோறூட்டப் பெண்களுக்குக் கிடைத்ததும் அந்த இடைவெளிதான்.

இதில் ஒரு சின்ன நுட்பம் உண்டு. சினிமா விநாடிக்கு 24 சட்டம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடும். நம் தொலைக்காட்சி முறை 625 கோடு, விநாடிக்கு 25 சட்டம். ஆகவே ஃபிலிமை டெலிசினி என்ற கருவியில் போட்டு ஒளிபரப்பும்போது 25 வேகத்திலேயே ஓட்டிவிடுவது வழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறும். ரேடியோவில் கேட்ட பாட்டு டிவியில் கேட்கும்போது ஏதோ அவசரத்தில் பாடிய மாதிரி இருக்கிறதே என்று எங்கள் வீட்டில் வயலின் கற்றுக்கொண்டிருந்த அக்கா ஒருமுறை சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

அரை மணி நேர ஒளியும் ஒலியும் இந்தப் பஞ்சத்திலிருந்து பிறந்ததுதான். முழுப்படம் கொடுக்கத் தயங்குபவர்களும் ஒரு பாட்டு கொடுப்பார்கள். அது படத்துக்கு விளம்பரம். டெல்லியில் 'சித்ரஹார்', பம்பாயில் 'சாயாகீத்', இங்கே வெள்ளிக்கிழமை. ஆறேழு பாட்டு. முதலில் பழையது, கறுப்பு வெள்ளைத் தத்துவப் பாட்டோ பக்திப் பாட்டோ. கடைசியில் புதுப் படத்துப் பாட்டு ஒன்று வரும் என்ற நம்பிக்கையில் முழு நகரமும் உட்கார்ந்திருக்கும். தெருவில் நடந்தால் ஒரே பாட்டு ஒவ்வொரு ஜன்னலாக உங்களோடு நடந்துவரும். ஒரு அடிகூட விட்டுப்போகாது. எங்கள் தெரு முனை மளிகைக்கடைக்காரர் அந்த அரை மணி நேரம் கல்லாவில் கையை வைத்துக்கொண்டு எதிர்வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் வரமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் கேள்வி கேட்கவும் இடம் இருந்தது: எதிரொலி. நேயர்கள் எழுதிய கடிதங்களை நிலையத்தார் திரையில் படித்துப் பதில் சொல்வார்கள். 15 காசு அஞ்சலட்டையில், நுணுக்கி நுணுக்கி, ஏன் புதுப்படம் போடுவதில்லை, ஏன் நாடகத்தில் இத்தனை அழுகை, ஏன் எங்கள் ஊரில் படம் ஆடுகிறது என்று எழுதினார்கள். பதில்கள் பெரும்பாலும் 'ஆவன செய்யப்படும்' ரகம். இருந்தும் தன் பெயரும் ஊரும் டிவியில் ஒலித்ததைக் கேட்ட மனிதர் ஒரு வாரம் தலைநிமிர்ந்து நடந்தார். பார்ப்பவனோடு ஒரு ஒளிபரப்பு நிலையம் இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய நிகழ்ச்சி பிறகு எந்த சேனலிலும் இவ்வளவு ஒழுங்காக நடக்கவில்லை.

எங்கள் ஊரில் படம் ஆடுகிறது என்ற புகாருக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. வானொலியின் மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டு வெகுதூரம் போகும். தொலைக்காட்சியின் அலை நேர்க்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்தால் தீர்ந்தது. ஆகவே கோபுரத்தின் உயரம், உங்கள் வீட்டு ஆன்டெனாவின் உயரம் இரண்டையும் பொறுத்துத்தான் படம். சென்னைக்குள் மொட்டைமாடியில் ஒரு குட்டைக் குழாய் போதும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் போகப் போகக் கம்பம் உயரும், பூஸ்டர் சேரும். புயல் காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டால் ஒருவர் மாடியில், ஒருவர் படிக்கட்டில், ஒருவர் பெட்டி முன்னால். "இப்ப தெரியுதா?" "இல்ல, இன்னும் கொஞ்சம்." "இப்ப?" "ஆ! நிறுத்து, நிறுத்து! போச்சு." இந்த உரையாடல் நடக்காத வீடு இருக்காது. ஆன்டெனாக் கம்பி தட்டையான பட்டைபோல மாடியிலிருந்து ஜன்னல் வழியாக இறங்கும். பெட்டிக்கு மரக்கதவு, பூட்டு. அதன்மேல் எம்பிராய்டரி போட்ட துணி. டயனோராவும் சாலிடேரும் சென்னையிலேயே தயாரான பெட்டிகள். பக்கத்தில் ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று மூச்சுவிடும். ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டும். 80களின் நடுவில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது.

நேர்க்கோட்டு அலையின் இந்தக் கட்டுப்பாடுதான், 'சென்னைத் தொலைக்காட்சி' என்ற பெயரை எழுத்துக்கு எழுத்து உண்மையாக்கியது. அது தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியாக இருக்கவில்லை. மதுரையிலும் திருநெல்வேலியிலும் வெள்ளிக்கிழமை இரவு என்பது வெறும் வெள்ளிக்கிழமை இரவுதான். விடுமுறைக்குச் சென்னை வந்துபோன சொந்தக்காரப் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிப் பாட்டைப் பற்றிக் கதைகதையாகச் சொல்வார்கள்.

1982 இந்த மாலையை இரண்டாக வெட்டியது. ஆகஸ்ட் 15 அன்று துணைக்கோள் வழியே தேசிய நிகழ்ச்சி தொடங்கியது, வண்ணமும் வந்தது. நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி. இரவு 8:40 ஆனால் டெல்லி வந்துவிடும்: இந்திச் செய்தி, பிறகு இந்தி நிகழ்ச்சிகள், ஆங்கிலச் செய்தி. அதுவரை மாலை முழுவதும் சென்னையின் கையில் இருந்தது. இனி இரவு உணவு நேரம் டெல்லியின் கையில். 8:40க்குப் பெட்டியை மூடிவிட்டுச் சாப்பிட உட்காரும் வழக்கம் பல வீடுகளில் அப்போதுதான் வந்தது. எங்கள் ஸ்டோரில் கூட்டம் கலையும் நேரம் அதுதான். இந்தியை எதிர்த்து 1965இல் தெருவில் இறங்கிய ஊரில், மக்கள் நெருங்கிக் கூடும் நேரத்தைப் புரியாத மொழிக்குக் கொடுத்தது பெரிய பிழை என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஒரு தேசத்தை ஒன்றாக உட்காரவைக்க விரும்பியவர்கள், பாதிப் பேரை எழுந்துபோக வைத்தார்கள்.

1984இல் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடெங்கும் டிரான்ஸ்மிட்டர்கள் நட்டார்கள். தமிழ்நாட்டின் பிற நகரங்களுக்கும் டிவி வந்தது. ஆனால் அந்தச் சிறு நிலையங்கள் துணைக்கோளிலிருந்து எடுத்துக் கொடுத்தது டெல்லியை. பெட்டி வாங்கிய மதுரைக்காரருக்குக் கிடைத்தது இந்தித் தொடர், ஒளியும் ஒலியும் அல்ல. தென்கோடியில் மக்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியிருந்தது. அதன் டிரான்ஸ்மிட்டர் இலங்கையிலேயே உயரமான பீதுருதாலகாலை மலையில், 2,524 மீட்டர் உயரத்தில். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் அலை கடலைத் தாண்டி நம் கரையைத் தொட்டது. இராமநாதபுரம், தூத்துக்குடி, மதுரை வட்டாரங்களில் வீட்டைவிட உயரமான குழாய்களில் ஆன்டெனாவைத் தெற்கே திருப்பிக் கட்டினார்கள். தமிழ்ப் பாட்டுக்காகத் தமிழ்நாட்டுக்காரர் அடுத்த நாட்டின் திரையைப் பார்த்த ஆண்டுகள் அவை. கொடைக்கானல் மலைமேல் கோபுரம் எழும்பி, சென்னை நிகழ்ச்சிகள் தெற்கே போய்ச்சேர்ந்த பிறகே அந்தக் குழாய்கள் வடக்கே திரும்பின.

மாலையின் தன்மையை மாற்றிய இன்னொன்று பணம். விளம்பரம் 1976 ஜனவரி 1இலிருந்தே இருந்தது, ஆனால் துணுக்குத் துணுக்காக. 1984 ஜூலை 7இல் 'ஹம் லோக்' தொடங்கியபோது ஒரு தனியார் நிறுவனம் முழுத் தொடருக்கும் பணம் போட்டது. 150க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. அதுவரை எதைக் காட்ட வேண்டும் என்று அதிகாரி முடிவு செய்தார், அதை மக்கள் பார்த்தார்கள். இனிமேல் மக்கள் எதைப் பார்ப்பார்கள் என்று விளம்பரதாரர் கணக்குப் போட்டார், அதை அதிகாரி அனுமதித்தார். பூச்சி மருந்துக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்த பழைய ஒப்பந்தம் அங்கேயே தளர ஆரம்பித்துவிட்டது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தபோது அந்த ஒப்பந்தத்தைக் காக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. பாட்டு வேண்டுமா, எப்போதும் பாட்டு.

நான் சில ஆண்டுகளாக அந்த முதல் பத்தாண்டு மாலைகளை வரிசைப்படுத்திப் பார்க்க முயன்றுகொண்டிருக்கிறேன். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இல்லை. டேப்பை அழித்துப் பதிந்ததும், ஈரக்காற்றில் ஃபிலிம் கெட்டதும் சேர்ந்து எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சமிருப்பது நாளிதழ்களின் உள்பக்கத்தில், இன்றைய சினிமா விளம்பரங்களுக்குக் கீழே, நான்கைந்து வரியில் வந்த 'இன்றைய தொலைக்காட்சி' என்ற பத்தி. 6:30, 7:00, 7:30 என்று நேரம் போட்டு ஒரு வரி ஒரு நிகழ்ச்சி. நூலகத்தில் பழைய தொகுப்பைப் புரட்டினால், தாள் பழுத்து, ஓரம் பொடியாக உதிர்கிறது. கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வருகிறேன். இதுவரை ஒரு ஆண்டின் நான்கு மாதம் முடிந்திருக்கிறது. வீட்டுப் பரணில் அந்தக் காலத்து நாளிதழ் கட்டு வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடும் முன் அந்தச் சின்னப் பத்தியை மட்டுமாவது வெட்டி வைத்துவிடுங்கள்.